கப்பலுக்கு எஃப்.சி. எப்போ முடியுது?

மதுரை ஆரப்பாளையம் பக்கத்தில் ஒரு வீடு. அப்பா அரசு பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். மகன் கேட்டரிங் படித்துவிட்டு இரண்டு வருடம் ஓட்டலில் வேலை பார்த்தவன். அவனுக்கு ஓர் உல்லாசக் கப்பலில் கேபின் ஸ்டூவர்டு வேலை கிடைத்திருக்கிறது. ஒன்பது மாத ஒப்பந்தம். அம்மா அர்ச்சனைத் தட்டோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். அப்பா மட்டும் மகனின் செல்போனை வாங்கி, கப்பலின் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

"இது எந்த வருஷத்து வண்டிடா?"

"வண்டி இல்லப்பா, கப்பல்."

"சரி, கப்பல். எஃப்.சி. எப்போ முடியுது?"

மகன் சிரிக்கிறான். ஆனால், கப்பலில் ஏறப்போகிறவரும், ஏற்றி அனுப்பப்போகிற வீட்டாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அந்த மெக்கானிக் கேட்டிருக்கிறார். கப்பலுக்கும் எஃப்.சி. உண்டு. கப்பலுக்கும் 'பாடி' மாற்றுவார்கள். கப்பலையும் ஒருநாள் எடைக்குப் போடுவார்கள்.

1990-ல் பிறந்த மூன்று பேர்

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த உல்லாசக் கப்பல் 'எம்ப்ரஸ்'. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தது இந்தக் கப்பலைத்தான். கார்டிலியா நிறுவனத்தின் கப்பல். மதுரையிலிருந்து குடும்பத்தோடு ரயிலேறிப் போய் அதில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்து, ஆறு மாதம் ஸ்டேட்டஸ் வைத்தவர்கள் உண்டு. பளபளப்பான லாபியையும் நீச்சல் குளத்தையும் பார்த்தவர்கள் 'புத்தம் புதுக் கப்பல்' என்றே நினைத்திருப்பார்கள்.

அது 1990-ல் பிரான்சின் சான் நசேர் கட்டும் தளத்தில் பிறந்த கப்பல். அப்போது பெயர் 'நார்டிக் எம்ப்ரஸ்'. ராயல் கரீபியன் நிறுவனம் ஓட்டியது. 2004-ல் 'எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்' ஆனது. 2008-ல் ஸ்பெயின் நாட்டு புல்மன்டூர் நிறுவனத்துக்குப் போனது. 2016-ல் மறுபடி பழைய வீட்டுக்கே திரும்பியது. 2020 டிசம்பரில் விற்கப்பட்டு, 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து கார்டிலியாவுக்காக ஓடத் தொடங்கியது.

முப்பத்தைந்து வயதைத் தாண்டியும் பயணிகளை ஏற்றும் கப்பலா என்று பயப்பட வேண்டியதில்லை. பழைய தலைமுறைக்கு 'ரஜூலா'வை நினைவிருக்கும். மதுரை, ராமநாதபுரம் பக்கத்து மக்களைச் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன கப்பல். 1926-ல் கட்டப்பட்டது, 1973 வரை ஓடியது. ஒரே கப்பலில் தாத்தாவும் போனார், பேரனும் போனான்.

ஆக, கப்பலை வயது மட்டும் கொல்வதில்லை. வேறு எது கொல்கிறது என்று தெரிந்துகொள்ள, எம்ப்ரஸோடு அதே 1990-ல் வேலைக்குச் சேர்ந்த இன்னும் இரண்டு கப்பல்களைப் பார்த்தால் போதும்.

ஒன்று, 'கார்னிவல் ஃபேன்டசி'. ஃபின்லாந்தில் கட்டியது. பிறந்ததிலிருந்து கடைசி வரை ஒரே கம்பெனி, பெயரில் மட்டும் சின்ன மாற்றம். 2020-ல் துருக்கியின் அலியாகா கரைக்கு ஓட்டிப்போய் உடைத்துவிட்டார்கள்.

இன்னொன்று நம் நாட்டுக்கு வந்து முடிந்த கதை. இத்தாலியில் கட்டிய 'கிரவுன் பிரின்சஸ்'. உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ, டால்பினின் தலையைப் போல முகப்பு வரைந்து கொடுத்த கப்பல். பிறகு ஜெர்மனிக்கு, பிரிட்டனுக்கு, ஆஸ்திரேலியாவுக்கு என்று கைமாறி, 'பசிபிக் ஜுவல்' என்ற ஐந்தாவது பெயரோடு இருந்தபோது இந்தியாவின் ஜலேஷ் குரூஸஸ் அதை எடுத்தது. ஆறாவது பெயர் 'கர்ணிகா'. 2019 ஏப்ரலில் மும்பையிலிருந்து கிளம்பியது. இந்தியாவுக்கென்று ஒரு கப்பல் என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஒரு வருடம்கூட நிறையவில்லை, கொரோனா வந்தது. கப்பல் நின்றது, கம்பெனி படுத்தது, கடன்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள், ஏலம் விட்டார்கள். 2020 நவம்பரில் குஜராத்தின் அலங் கடற்கரையில் கர்ணிகா கரையேற்றப்பட்டது.

சரி, முப்பது வருடம் ஓடிவிட்டதே, போகட்டும் என்று தோன்றலாம். கர்ணிகாவுக்கு ஒரு தங்கச்சி உண்டு. 1991-ல் அதே தளத்தில், அதே வரைபடத்தில் கட்டிய 'ரீகல் பிரின்சஸ்'. அதன் கதை இன்னும் விநோதம். பிட்காயின் ஆர்வலர்கள் சிலர் 2020-ல் அதை வாங்கி, 'சடோஷி' என்று பெயர் வைத்து, பனாமா கடலில் மிதக்கும் வீடுகளாக மாற்றப்போகிறோம் என்றார்கள். இன்ஷூரன்ஸ் கிடைக்காமல் திட்டம் கவிழ்ந்தது. உடைக்கப் போகவிருந்த கப்பலை ஒரு பிரிட்டிஷ் கம்பெனி வாங்கிச் செப்பனிட்டது. 'ஆம்பியன்ஸ்' என்ற பெயரில் 2022 ஏப்ரலில் லண்டன் அருகே டில்பரியிலிருந்து மீண்டும் பயணிகளோடு கிளம்பிவிட்டது.

ஒரே வரைபடம், ஒரே தளம், வயதிலும் ஒரு வருட வித்தியாசம்தான். அக்கா கம்பி ஆனாள். தங்கச்சி மறுபடி சீர்வரிசையோடு கிளம்பினாள். அக்காவின் இரும்பு ஒன்றும் அதற்குள் கெட்டுப்போய்விடவில்லை. அவளை வைத்துப் பராமரிக்க யாரிடமும் காசு இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

தண்ணீரை இறைத்துவிட்டுப் பார்ப்பது

இனி அந்த எஃப்.சி. விஷயம். பயணிகள் கப்பலுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான். வருடா வருடம் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். கப்பலின் அடிவயிற்றையும் வருடா வருடம் பார்க்க வேண்டும். ஐந்து வருடத்தில் குறைந்தது இரண்டு முறையாவது தண்ணீருக்கு வெளியே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான சர்வதேச விதி. மற்ற வருடங்களில் முக்குளிப்பவர்கள் கேமராவோடு இறங்கிப் பார்க்கலாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பெரிய சோதனை. இதையெல்லாம் பார்த்து முத்திரை குத்துவதற்கென்றே லாயிட்ஸ் ரிஜிஸ்டர், இந்தியன் ரிஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் போன்ற அமைப்புகள் இருக்கின்றன.

தண்ணீருக்கு வெளியே எப்படி வைப்பது? அதற்குத்தான் 'டிரை டாக்'. பெரிய கான்கிரீட் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் உள்ளே மிதந்து வரும். கதவைச் சாத்துவார்கள். தண்ணீரை இறைக்க இறைக்க, கப்பல் கீழே வரிசையாக அடுக்கிய கட்டைகள் மேல் மெல்ல உட்காரும். எந்தக் கட்டை எங்கே என்பதில் கொஞ்சம் பிசகினாலும் அடித்தகடு நெளிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கப்பலுக்கும் தனி வரைபடம். நமக்குப் பக்கத்தில் கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் 310 மீட்டர் நீளத்துக்கு ஒரு புது டிரை டாக் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. எம்ப்ரஸின் நீளம் 211 மீட்டர். அது உள்ளே போய் உட்கார்ந்தாலும் முன்னும் பின்னும் இடம் மிச்சமிருக்கும்.

தண்ணீர் வற்றியதும் தெரிவது கப்பலின் உண்மையான முகம். பாசியும் சிப்பியும் அப்பிக்கொண்டிருக்கும். அந்தச் சொரசொரப்பு இருந்தால் டீசல் கூடுதலாகக் குடிக்கும். அதிவேகத் தண்ணீரைப் பாய்ச்சி அதைச் சுரண்டி எடுத்து, உயிர்கள் ஒட்டாத பெயின்ட் அடிப்பார்கள். உப்புத் தண்ணீர் இரும்பை அரிக்காமல் இருக்க, கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தியிருப்பார்கள். இரும்புக்குப் பதில் அது கரையும். கரைந்ததைக் கழற்றிவிட்டுப் புதியது வைப்பார்கள். நங்கூரச் சங்கிலியை டாக்கின் தரையில் முழு நீளத்துக்கும் விரித்து, ஒவ்வொரு வளையமும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளப்பார்கள். தகடுகளின் கனத்தையும் கருவி வைத்துப் பார்ப்பார்கள். மெலிந்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங். டெப்போவில் பஸ்ஸைக் குழிமேல் நிறுத்திக் கீழே இறங்கிப் பார்த்தவருக்கு இதில் எதுவும் புதிதில்லை.

இது நடக்கும் அதே நாட்களில் மேல் தளங்களில் வேறொரு பட்டாளம் வேலை செய்யும். கார்பெட், மெத்தை, குளியலறைக் குழாய், மேடை விளக்கு எல்லாம் மாறும். கப்பல் டாக்கில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் பூஜ்யம். ஆகவே இரண்டு மூன்று வாரத்துக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் ஷிஃப்ட் போட்டு முடிப்பார்கள்.

நம் மெக்கானிக் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "சேஸிஸ் நல்லா இருந்தா, கரூருக்கு அனுப்பி பாடி கட்டிக்கிட்டே இருக்கலாம்." கப்பல்காரர்களும் அதையேதான் செய்கிறார்கள். சிலர் ஒரு படி மேலே போய், கப்பலை நடுவில் இரண்டாக வெட்டி, புதுத் துண்டு ஒன்றைச் செருகி, மறுபடி ஒட்டிவிடுவார்கள். 'என்சான்ட்மென்ட் ஆஃப் தி சீஸ்' என்ற கப்பலுக்கு 2005-ல் நெதர்லாந்தில் இப்படி 22 மீட்டர் துண்டைச் சேர்த்தார்கள். புதுக் கப்பல் கட்டும் செலவில் சின்னப் பங்குதான் ஆகும், அறைகளோ கூடிவிடும்.

பளபளப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடாது என்பதற்கும் எம்ப்ரஸே உதாரணம். 2016-ல் அது ராயல் கரீபியனுக்குத் திரும்பியபோது, சமையலறையையும் உணவுக் கிடங்குகளையும் நினைத்ததைவிட அதிகமாகப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. அறிவித்த பயணங்கள் பலவற்றை ரத்து செய்துவிட்டு, மே மாதக் கடைசி வரை வேலை பார்த்தார்கள். பயணிகளுக்கு ஏமாற்றம்தான். ஆனால், அப்படி நிறுத்தி வைக்கத் துணிகிற கம்பெனியின் கப்பலில்தான் நிம்மதியாகத் தூங்க முடியும்.

அப்புறம் ஏன் உடைக்கிறார்கள்?

கணக்கு உதைக்கும்போது. எம்ப்ரஸின் கொள்ளளவு 48,563 டன். இது எடை இல்லை, உள்ளே இருக்கும் இடத்தின் அளவு. 2024-ல் வந்த 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் டன். ஐந்து எம்ப்ரஸை உள்ளே அடைக்கலாம். ஐந்து மடங்கு பெரிய கப்பல் என்பதற்காக ஐந்து கேப்டன் தேவையில்லை. புதுக் கப்பலில் பெரும்பாலான அறைகளுக்குப் பால்கனி இருக்கும், அதற்கு டிக்கெட் விலையும் அதிகம். 1990 கப்பல்களில் பால்கனி அறை குறைவு, அதை 'பாடி' கட்டிச் சரிசெய்வதும் லேசில்லை.

விதிகளும் மாறும். எளிதில் தீப்பிடிக்கும் பொருட்கள் பற்றிய சர்வதேச விதி 2010 அக்டோபரில் முழுதாக அமலானபோது, மர வேலைப்பாடு மிகுந்த பல பழைய கப்பல்கள் ஒரேயடியாக ஓய்வுபெற்றன. 2020 ஜனவரி முதல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்றார்கள். அதற்கும் செலவு. அந்த வருடமே கொரோனாவும் வந்தது. கப்பல் சும்மா நின்றாலும் ஜெனரேட்டர் ஓட வேண்டும், ஆள் இருக்க வேண்டும், துறைமுக வாடகை கட்ட வேண்டும். பெரிய கம்பெனிகள் முதலில் பழையவற்றை இறக்கிவிட்டன. அவர்கள் கழித்துவிடுவது நம் கடல்களுக்கு வந்துசேரும். 2025-ல் ஒரு ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. 1999-ல் வந்த 'நார்வீஜியன் ஸ்கை', 2001-ல் வந்த 'நார்வீஜியன் சன்' இரண்டும் குத்தகையாக கார்டிலியாவுக்கு வரப்போகின்றன. பம்பாய் டாக்ஸி ஊருக்கு வந்து ஷேர் ஆட்டோ ஆன கதை என்று கேலி செய்யலாம். ஆனால், அந்த விலைக்குக் கப்பல் கிடைக்கவில்லை என்றால் மதுரைக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிற டிக்கெட்டும் கிடைக்காது.

மதுரையிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம் தூத்துக்குடிக்கு. அங்கே 2011 ஜூன் 13 அன்று ஒரு கப்பல் கொழும்புக்குக் கிளம்பியது பலருக்கு நினைவிருக்கும். 'ஸ்காட்டியா பிரின்ஸ்'. அப்போதைய மத்திய அமைச்சர் ஜி.கே.வாசன் தொடங்கிவைத்தார். 1972-ல் யுகோஸ்லாவியாவில் 'ஸ்டெனா ஒலிம்பிகா'வாகப் பிறந்தது. 1980-களில் நடுவில் வெட்டி நீளம் கூட்டப்பட்டது. இருபது வருடத்துக்கு மேல் அமெரிக்காவின் போர்ட்லாண்டுக்கும் கனடாவின் யார்மவுத்துக்கும் இடையே ஓடியது. அவர்களுக்கு அது பாதி ஃபெரி, பாதி உல்லாசக் கப்பல். தூத்துக்குடிக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்புதான் லிபியா சண்டையில் சிக்கிய இந்தியர்களை ஏற்றி வந்தது. இவ்வளவு பார்த்த கப்பல் தூத்துக்குடி–கொழும்பு ஓட்டத்தில் ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. பணப் பாக்கி வழக்கில் கொழும்பில் சிக்கிக்கொண்டது. 2012-ல் வங்கதேசக் கரையில் உடைக்கப்பட்டது. அதற்கும் இன்ஜின் நிற்கும் முன்னால் கல்லாதான் நின்றது.

அலங் கரைக்கு வரும் கப்பல்கள் கடல் பெருக்கு உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து, முழு வேகத்தில் மணலில் ஏறி நிற்கும். வற்றம் வந்ததும் தண்ணீர் விலகிப்போகும். அப்புறம் கேஸ் கட்டிங். விலை பேசுவது, பழைய இரும்புக் கடையைப் போலவே, டன் கணக்கில். தகடு உருட்டாலைக்குப் போய்க் கட்டடக் கம்பியாகும். உல்லாசக் கப்பல் என்றால் வியாபாரிகளுக்கு மகிழ்ச்சி. கட்டில், மெத்தை, சோபா, தட்டு, கண்ணாடி, சமையல் பாத்திரம் எல்லாம் சாலையோரக் கடைகளில் விற்பனைக்கு வரும். வெட்டுபவர்களுக்கு அது சிக்கல் பிடித்த கப்பல். ஆயிரம் அறை, மைல் கணக்கில் வயர், பழைய கப்பலாக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ். 2006-ல் வந்த 'புளூ லேடி' என்ற பழைய பிரெஞ்சுக் கப்பலின் ஆஸ்பெஸ்டாஸ் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2007-ல்தான் உடைக்க அனுமதி கிடைத்தது. கப்பல் உடைப்பில் தொழிலாளர் பாதுகாப்புக்கான ஹாங்காங் ஒப்பந்தம் 2009-ல் எழுதப்பட்டு, 2025 ஜூன் 26 அன்றுதான் அமலுக்கு வந்தது. பதினாறு வருடம். அதற்குள் எத்தனையோ கப்பல் மணலில் ஏறிவிட்டது.

ஆரப்பாளையத்துக்குத் திரும்புவோம்

கம்பெனி படுத்தால் பயணிக்கு முன்பணம் போகலாம். ஸ்டூவர்டுக்கு? சம்பளமும் போய், எங்கோ ஒரு துறைமுகத்தில் இறங்கவும் முடியாமல் மாட்டிக்கொள்வான். அப்பாவின் கவலை அதுதான். வாய்விட்டுச் சொன்னது மட்டும் எஃப்.சி.

இதற்கும் விதி இருக்கிறது. கடல் தொழிலாளர் ஒப்பந்தத்தின்படி, முதலாளி கைவிட்டால் ஊழியர்களுக்கு நான்கு மாதச் சம்பளம் வரையிலும், ஊர் திரும்பும் செலவும் கிடைக்க ஒவ்வொரு கப்பலும் காப்பீடு வைத்திருக்க வேண்டும். 2017 ஜனவரி முதல் இது கட்டாயம். அந்தச் சான்றிதழைக் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். வேலைக்கு எடுக்கும் ஏஜென்சிக்கு இந்தியக் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம், ஆர்.பி.எஸ்.எல். என்பார்கள், இருக்க வேண்டும். அந்த எண்ணை அவர்கள் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். வேலை வாங்கித் தர ஏஜென்சி பணம் கேட்டால் அது விதிமீறல்.

கப்பலின் ஜாதகத்துக்கு? ஒவ்வொரு கப்பலுக்கும் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் உண்டு. பெயர், கொடி, முதலாளி எது மாறினாலும் இந்த எண் மாறாது. 'ஈக்வாசிஸ்' என்ற இணையதளத்தில் இலவசமாகப் பதிவுசெய்துகொண்டு அந்த எண்ணைப் போட்டால், கப்பல் பிறந்த வருடம், பழைய பெயர்கள், எந்தத் துறைமுகத்தில் என்ன குறை கண்டுபிடித்தார்கள் என்பதெல்லாம் வரும்.

"ஆக, சேஸிஸ் நம்பர்" என்கிறார் அப்பா.

மகன் வேலைக் கடிதத்தைத் திறந்து, கப்பலின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த ஏழு இலக்கத்தைத் தட்டுகிறான். கப்பலுக்கு இது மூன்றாவது பெயர். பிறந்தது 1998. அப்பா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு, கடைசியாக எந்த மாதம் சோதனை நடந்தது, என்ன குறை எழுதியிருக்கிறார்கள் என்று வரி வரியாகப் படிக்கச் சொல்கிறார். "ஃபயர் டோர் ஒண்ணு சரியா சாத்தலை… சரிபண்ணியாச்சுன்னு போட்டிருக்கு."

"எந்தத் தளத்துலடா அது?"

"அதெல்லாம் போடலப்பா."

"ஏறினதும் முதல் வேலையா உன் ரூம் பக்கத்துல இருக்கிற கதவைச் சாத்திப் பாரு. பார்த்துட்டு எனக்கு போன் பண்ணு."